மூன்றாவது வரிசையிலிருந்து கைதட்டல்

க்தான்ஸ்க்
24 பிப்ரவரி 1982, சாம்பல் புதன்

திரைப்பட, தொலைக்காட்சி நடிகர் திரு. செவெரின் தொலாத்தா அவர்களுக்கு,

இனிமேல் உனக்கு இப்படித்தான் எழுத வேண்டும். அண்ணா என்று எழுதிப் பார்த்தேன், பேனா நகர மாட்டேன் என்கிறது.

முதலில், உனக்கு முன்னால் இந்த உறையைப் பிரிக்கப்போகும் தணிக்கைக்கார ஐயாவுக்கு வணக்கம். ஐயா, உங்களைத் திட்டப்போவதில்லை. என் கூடப்பிறந்தவனைத்தான் திட்டப்போகிறேன். கறுப்பு மைக்கு வேலை இருக்காது, நிம்மதியாகப் படியுங்கள்.

திங்கட்கிழமை சாயங்காலம் மேல்மாடி க்லாரா கதவைத் தட்டினாள். "ஒத்திலியா, ஓடி வா! உங்க அண்ணன் டி.வி.ல வரப்போறார், இப்பத்தான் முன்னோட்டம் காட்டினாங்க. ஆளு நல்லா இருக்கார், கன்னமெல்லாம் உப்பிப்போச்சு" என்றாள். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அதை ஒரு டப்பாவில் அடைத்து உனக்கு அனுப்பலாம் போல இருந்தது.

என் வீட்டு டி.வி. மேல் மேசைத்துணி போர்த்தி இரண்டு மாதம் ஆகிறது. உனக்குத் தெரியாதா? நாட்டைப் பட்டாளம் கையில் எடுத்த அன்றே என் புருஷன் அலோய்சியைக் கொண்டுபோனார்கள். கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்கிறவன், தொழிற்சங்கத்தில் இருந்தான், அவ்வளவுதான் குற்றம். அன்றிலிருந்து செய்தி நேரத்தில் எங்கள் தெருவே கோட்டை மாட்டிக்கொண்டு உலாவப் போகிறது. பனியில் மூக்கு விறைக்கிறது, ஆனாலும் போகிறோம். அந்தப் பட்டாளச் சீருடைக்காரன் செய்தி வாசிப்பதைக் கேட்க ஆள் இல்லை என்று அவர்களுக்குத் தெரியட்டும். நடிகர்கள் நீங்களும் தொலைக்காட்சி வாசலை மிதிப்பதில்லை என்று முடிவெடுத்தீர்கள் என்று கேள்விப்பட்டபோது ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பெருமைப்பட்டேன். "எங்கண்ணனும் அதுல இருக்கார்" என்று. மடச்சி.

க்லாரா வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். சீருடைக்காரன் செய்தி வாசித்து முடித்த கையோடு, தடித்த கண்ணாடி போட்டுக்கொண்டு நீ வந்தாய். கிராமத்து டாக்டராம். ஏழைகளுக்காக உருகுகிறாயாம். இரண்டாம் அங்கம் முடிவதற்குள் எழுந்து வந்துவிட்டேன், இல்லாவிட்டால் அவள் பெட்டியை உடைத்திருப்பேன்.

போன நவம்பர் ஒன்றாம் தேதி அம்மா கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றக் குனிந்து, வேலிக்கம்பியில் புருவத்தைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றாயே. என் சமையலறை நாற்காலியில் உட்காரவைத்து மூன்று தையல் போட்டேனே. "முகம்தான்டி என் சோறு, நல்லா தை" என்றாய். நன்றாகத்தான் தைத்தேன். இப்படி வயிறு வளர்க்கவா?

அலோய்சிக்கு இதை எப்படிச் சொல்வேன் என்று நீயே எழுது.

ஒத்திலியா

*

வார்சா
12 மார்ச் 1982

ஒத்தில்கா,

உன் கடிதம் வர இரண்டு வாரம் பிடித்தது. மேலே ‘தணிக்கை செய்யப்பட்டது’ என்று முத்திரை. உள்ளே ஒரு வார்த்தையும் அடிக்கவில்லை. உன் அண்ணனைத் திட்டுவதில் அரசாங்கத்துக்கு ஆட்சேபம் இல்லை போல.

இப்போது நான் சொல்வதைக் கேள். அந்த நாடகம் அக்டோபரில் எடுத்தது. பன்னிரண்டு, பதின்மூன்று, பதினான்கு, மூன்று நாள். பட்டாளம் வருவதற்கு இரண்டு மாதம் முன்னால். பெட்டியில் கிடந்ததை எடுத்து ஓட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டா போட்டார்கள்? எனக்கே மறுநாள் ரொட்டிக் கடை வரிசையில்தான் தெரியும். நான் பார்க்கக்கூட இல்லை, என் வீட்டுப் பெட்டியும் மூடித்தான் கிடக்கிறது.

என் வயிற்றெரிச்சல் உனக்குத் தெரியுமா? இருபத்திரண்டு வருஷமாக நடிக்கிறேன். பதினோரு படத்தில் ஜெர்மன் அதிகாரி. ஒவ்வொன்றிலும் அரை மணி நேரத்துக்குள் என்னைச் சுட்டுக் கொன்றுவிடுவார்கள். எனக்கு யாருமே மூன்று வசனத்துக்கு மேல் எழுதியதில்லை. அப்புறம் அந்த ரயில் நிலையத் தொடர் வந்தது. டிக்கெட் பரிசோதகர்கள் "நம்ம ஸ்டேஷன் மாஸ்டராச்சே" என்று சல்யூட் அடித்தார்கள், ஆனால் ஒருத்தனுக்கும் என் சொந்தப் பெயர் தெரியாது. என் பெயர் முதலில் வந்த ஒரே வேலை இந்த டாக்டர்தான். ஒளிபரப்பாகும் அன்று உன்னையும் அலோய்சியையும் இங்கே வரவழைத்து விருந்து வைக்க இருந்தேன். அதை எடுத்துத்தான் என் முகத்தில் பூசியிருக்கிறார்கள்.

டிசம்பருக்குப் பிறகு நான் அந்த வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எங்கே போகிறேன், யார் முன்னால் நின்று என்ன வாசிக்கிறேன் என்பதை இந்தத் தாளில் எழுத முடியாது. ஏன் என்று உனக்கும் தெரியும், இதைப் படிக்கும் ஐயாவுக்கும் தெரியும்.

தொலைக்காட்சியில் போய் நிஜமாகவே தலைகாட்டிய ஒருத்தனுக்குப் போன மாதம் எங்கள் மேடையில் என்ன நடந்தது, சொல்லவா? அவன் உள்ளே வந்ததும் ஜனங்கள் கை தட்டினார்கள். நிறுத்தவே இல்லை. அவன் வாயைத் திறக்கும்போதெல்லாம் இன்னும் பலமாகத் தட்டினார்கள். ஒரு வசனம் பேச விடவில்லை. கை தட்டினால் யாரைக் கைது செய்ய முடியும்? அழுதுகொண்டே உள்ளே ஓடினான். நான் பக்கத்தில் திரை மறைவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். பாவமாக இல்லை. நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது. அப்படிப்பட்ட நானா அங்கே போவேன்?

ஈஸ்டர் முடிந்து ஏப்ரல் பதினேழாம் தேதி எங்கள் குழு உங்கள் ஊருக்கு வருகிறது. உன் பெயரில் மூன்றாவது வரிசையில் ஓர் இடம் எடுத்துவைக்கச் சொல்லியிருக்கிறேன். வா. நாடகம் முடிந்ததும் முகத்துக்கு முகம் பேசலாம், எழுத முடியாததை எல்லாம் சொல்கிறேன்.

செவெரின்

*

க்தான்ஸ்க்
27 மார்ச் 1982

செவெரின்,

அக்டோபராம். இங்கே ஆஸ்பத்திரியில் அதுவே ஒரு ஜோக்காகிவிட்டது. போன வாரம் டி.வி.யில் ஒரு பாட்டுக்காரி வந்தாள், அவளும் அக்டோபராம். வானிலை சொல்கிறவன்கூட, நாளைக்குப் பனி பெய்யும் என்பதை அக்டோபரிலேயே சொல்லிவைத்தானாம். அந்த மாசத்தில் உங்களுக்கு வேறு வேலையே இல்லையா?

அலோய்சியைப் பார்க்க அனுமதிச் சீட்டுக்காக ஐந்து தடவை அலைந்தேன். அங்கே வரிசையில் நிற்கும் பொம்பளைகள் என்னைப் பார்த்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். ஒருத்தி நேராகவே கேட்டாள்: "உனக்கென்னம்மா, அண்ணன் அந்தப் பக்கம். ஒரு வார்த்த சொன்னா புருஷன் வெளிய வந்துருவான், இல்ல?" தரை பிளந்து என்னை விழுங்காதா என்றிருந்தது.

டிக்கெட்டுக்கு நன்றி. வருகிறேன், கண்டிப்பாக வருகிறேன்.

ஒத்திலியா

*

வார்சா
19 ஏப்ரல் 1982

தொலாத்தா குடும்பத்துப் பெண்ணுக்கு,

சபாஷ்.

என்ன நடந்தது என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, முன்னால் நின்று செய்ததே நீ. ஆனால் மேடையிலிருந்து அது எப்படி இருந்தது என்று உனக்குத் தெரியாது. தெரிந்துகொள்.

நான் கதவைத் திறந்து உள்ளே வந்தேன். ஒரு ஜோடிக் கை தட்டியது. ஒன்றே ஒன்று. அப்புறம் பத்து, அப்புறம் அரங்கு முழுவதும். இருபத்திரண்டு வருஷத்தில் நான் மேடையில் நுழைந்ததற்கு ஒருத்தரும் கை தட்டியதில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? குனிந்து வணங்கினேன். ஐயோ, ஒத்தில்கா, நெஞ்சில் கை வைத்து வணங்கினேன்! "நம்ம ஊர்க்காரங்க, மறக்கல" என்று நினைத்தேன். நிமிர்ந்தபோதும் நிற்கவில்லை. ஒருத்தர் முகத்திலும் சிரிப்பில்லை. அப்போதுதான் புரிந்தது.

முதல் ஜோடிக் கை யாருடையது என்று தேடினேன். மூன்றாவது வரிசை, ஓரத்து இருக்கை. அம்மாவின் கம்பளிக் காலர் வைத்த சாம்பல் கோட்டு. நான் எடுத்துக்கொடுத்த இடம். நான் எழுதிய கடிதத்திலிருந்தே வித்தை கற்றுக்கொண்டு வந்து உட்கார்ந்திருக்கிறாய்.

பதினோரு நிமிஷம். கூட நடிப்பவள் மெல்ல மெல்ல நகர்ந்து மேடை ஓரத்துக்கே போய்விட்டாள். நான் என் வசனத்தைச் சொல்லிக்கொண்டே இருந்தேன், எனக்கே கேட்கவில்லை. கடைசியில் திரையை இறக்கினார்கள். நீ அப்போதும் தட்டிக்கொண்டிருந்தாய், உள்ளங்கை சிவந்திருக்குமே, மருந்து போட்டாயா?

ரயிலில் யாரும் என் பக்கத்தில் உட்காரவில்லை. அக்டோபரில் அந்த நாடகத்தில் என்னோடு நடித்தவனே குஸ்தாவ், அவனுக்கு எல்லாம் தெரியும். அவன் சொல்கிறான்: "வேற யார் தட்டியிருந்தாலும் நான் உனக்காகச் சண்டை போட்டிருப்பேன். சொந்தத் தங்கச்சியே தட்டினாள்னா... அவ புருஷன் வேற உள்ள இருக்கான். நமக்குத் தெரியாத ஏதோ அவளுக்குத் தெரிஞ்சிருக்கு." நேற்று ஞாயிறு. நான் வழக்கமாகப் போகும் இடத்துக்குப் போனேன். வாசலில் நிறுத்தி, "இன்னிக்கு வேணாம், செவெரின்" என்றார்கள். எவ்வளவு மரியாதையாகச் சொன்னார்கள் தெரியுமா? செருப்பால் அடித்திருந்தால் தேவலை.

திருப்திதானே?

*

க்தான்ஸ்க்
29 ஏப்ரல் 1982

ஆமாம், நான்தான் ஆரம்பித்தேன். யார் முன்னாலும் சொல்வேன். அன்றைக்கு வீட்டுக்கு நடந்து வரும்போது, அனுமதிச் சீட்டு வரிசையில் என்னைப் பழித்தாளே அவள், என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்தாள். நான்கு மாதத்தில் முதல் தடவையாக எனக்குப் பசித்தது.

செவ்வாய்க்கிழமை அலோய்சியைப் பார்த்தேன். கால் மணி நேரம், நடுவில் மேசை, பக்கத்தில் காவலன். நடந்ததைச் சொன்னேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அவன் என்ன சொன்னான்?"

"அக்டோபர்ல எடுத்ததுன்னான். எல்லாரும் சொல்றதுதான."

"நீ யாரையாவது விசாரிச்சியா?"

"உனக்காகத்தான்யா செஞ்சேன்!"

"நான் கேட்டது அது இல்ல, ஒத்திலியா."

அவன் மேலும் எரிச்சலாக வந்தது. உள்ளே உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம். எனக்கு எழுதாதே.

ஒத்திலியா

*

க்தான்ஸ்க்
11 மே 1982

அண்ணா,

இந்தக் கடிதத்தை அடிக்காமல், கிழிக்காமல் சீக்கிரம் அனுப்பிவிடுங்கள் ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன். இதில் உங்கள் அரசாங்கத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. இது ஒரு பொம்பளை தன் தலையில் தானே அடித்துக்கொள்வது.

இன்று காலை வார்டில் ஊசி போட்டுக்கொண்டிருந்தேன். நோயாளிகளுக்காக மூலையில் ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். காலை நேரத்தில் பழையதைத் திரும்பப் போடுவார்கள். உன் நாடகம். அணைக்கச் சொன்னேன். பித்தப்பை ஆபரேஷன் ஆன கிழவர் ஒருவர், "முடியப் போகுது சிஸ்டர், இருங்க" என்றார். அப்போதுதான் அந்தக் காட்சி வந்தது. குழந்தை செத்துப்போன வீட்டிலிருந்து டாக்டர் வந்து, கண்ணாடியைக் கழற்றிவைத்து, வாளித் தண்ணீரை அள்ளி அள்ளி முகம் கழுவுகிறான். கேமரா கிட்ட வந்தது. தண்ணீர் வடிகிறது. பூச்சு எதுவும் நிற்க வழியில்லை.

இடது புருவம் முழுசாக இருந்தது.

நான் போட்ட தையல் இல்லை, தழும்பு இல்லை. கல்லறைக்கு நாம் போனது நவம்பர் ஒன்று. அதற்கு முன்னால் எடுத்தது. நீ சொன்னபடி, சொன்ன மாசத்தில், சொன்ன நாளில் எடுத்தது. அன்றைக்கு க்லாரா வீட்டில் இன்னும் அரை மணி நேரம் பொறுத்து உட்கார்ந்திருந்தால் பார்த்திருப்பேன். மேடையில் பதினோரு நிமிஷம் அந்தத் தழும்பு என் கண் முன்னாலேயே இருந்தது, அப்போதும் உறைக்கவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண் தெரியாது என்று அம்மா சொல்வாளே.

ஊசியைக் கீழே போட்டுவிட்டேன். கிழவர் பயந்துபோய், "என்னம்மா ஆச்சு?" என்று கேட்டார். "எங்கண்ணன் பொய் சொல்லல" என்றேன். அவருக்கு என்ன புரியும்?

வேலை முடிந்து நேராக அந்த வரிசைக்குப் போனேன். எல்லோர் முன்னாலும் சொன்னேன், நான் தப்பான ஆளுக்குத் தட்டிவிட்டேன் என்று. கையைப் பிடித்து நடந்தவள் நம்பவில்லை. தையலைப் பற்றிச் சொன்னேன், நம்பினாள். கோவிலில் பாதிரியாரிடம் சொன்னேன். க்லாராவிடம் சொன்னேன், அவளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. உன் நாடகக் குழுவுக்கும் குஸ்தாவுக்கும் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். அவர்கள் கேட்டால் வார்சாவுக்கே வந்து சொல்கிறேன்.

திட்டு. என்ன வேண்டுமானாலும் திட்டு. ஆனால் பதில் போடு.

உன் ஒத்தில்கா

*

வார்சா
30 மே 1982

ஒத்தில்கா,

மே பதினொன்றாம் தேதி எழுதியது நேற்று, இருபத்தொன்பதாம் தேதி, வந்து சேர்ந்தது. பதினெட்டு நாள். குஸ்தாவுக்கு நீ எழுதியதும் நேற்றுத்தான் வந்ததாம். நீ கும்பிட்டது அந்த ஐயாவுக்குக் கேட்கவில்லை.

இருபதாம் தேதி நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

அந்த வாரம் தொலைக்காட்சியிலிருந்து ஓர் ஆள் வந்தான். கையில் காகிதப் பையில் ஆரஞ்சு. கடைசியாக ஆரஞ்சைப் பார்த்தது எப்போது என்றே நினைவில்லை. ஒழுங்கான மனுஷன் மாதிரிதான் பேசினான். "உங்கள எங்க ஆளுன்னு எல்லாரும் ஏற்கெனவே முடிவு பண்ணிட்டாங்க. நீங்க மட்டும்தான் சார் இன்னும் முடிவு பண்ணல" என்றான். பதின்மூன்று வாரத் தொடர். கதாநாயகன். இன்னொரு ஸ்டேஷன் மாஸ்டர் இல்லை, நடுப்பெயர் குடும்பப்பெயர் எல்லாம் இருக்கிற ஒரு முழு ஆள்.

ஒரு மாதம் வீட்டில் தனியாக உட்கார்ந்திருந்தேன். எந்தக் குழுவும் கூப்பிடவில்லை. மாடிப்படியில் எதிரில் வருகிறவர்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு போனார்கள். செய்யாத தப்புக்கு அடி வாங்கி வாங்கி எனக்குச் சலித்துவிட்டது. வாங்குகிற அடியைச் செய்துவிட்டே வாங்கலாம் என்று தோன்றியது. வீரன் இன்னும் ஒன்பது நாள் பொறுத்திருப்பான். நான் வீரன் இல்லை, நடிகன். யாராவது பார்த்துக்கொண்டிருந்தால்தான் எனக்கு முதுகெலும்பு நேராக நிற்கும்.

உன்மேல் பழியைப் போட்டுத் தப்பிக்கப் பார்க்கிறேன் என்று நினைக்காதே. கையெழுத்துப் போட்டது என் கை. ஆனால் அந்தக் கையில் பேனாவைச் செருகியவர்களில் நீயும் ஒருத்தி. இதை எழுதாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

புருவம் என் புத்திக்கு எட்டவே இல்லை. நான் அதைப் பார்க்கவில்லையே. எட்டியிருந்தால் முதல் கடிதத்திலேயே எழுதியிருப்பேன், எல்லாம் முடிந்திருக்கும். இதை நினைத்தால் சிரிப்பாக வருகிறது, அப்புறம் எதையாவது உடைக்க வேண்டும் போல வருகிறது.

முதல் நாள் படப்பிடிப்பில் ஒப்பனைக்காரி தழும்பின்மேல் மாவு பூச வந்தாள். "சார், இத மறைச்சிடவா?" என்றாள். "விடும்மா, இருக்கட்டும்" என்றேன். இதையும் அக்டோபரில் எடுத்தது என்று சொல்லி யாரும் என்னைக் காப்பாற்ற வேண்டாம். நீயும்தான்.

அந்த வரிசைப் பொம்பளைகளிடம் திரும்பிப் போய்ச் சொல்லிவிடு, நீ தட்டியது சரிதான், கொஞ்சம் அவசரப்பட்டுத் தட்டிவிட்டாய் என்று.

செவெரின்

*

க்தான்ஸ்க்
4 அக்டோபர் 1982

அண்ணா,

நான்கு மாதம் உனக்கு எழுதவில்லை. எழுத உட்காரும்போதெல்லாம் பாதிப் பக்கம் உன்னைத் திட்டியும் மீதிப் பக்கம் என்னைத் திட்டியும் நிரம்பிவிடுகிறது, கிழித்துப் போட்டுவிடுகிறேன்.

அலோய்சி ஜூலையில் வெளியே வந்தான். பட்டறையில் திரும்பச் சேர்க்கவில்லை. நேற்று ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உன் தொடர் ஆரம்பித்தது. டி.வி. மேல் கிடந்த துணியை நான் எடுக்கவில்லை, அவன்தான் எடுத்தான். "அவன் மூஞ்சியப் பாத்துட்டுப் பேசுவோம்" என்றான்.

க்லாரா கசகசா கேக் எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள். மே மாதத்திலிருந்து எனக்கு அவள் கேக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள், அன்றைக்குச் சிரித்த சிரிப்புக்குப் பிராயச்சித்தம். உனக்காக அவள் கடை வரிசையில் எத்தனை பேரோடு சண்டை போட்டிருக்கிறாள் தெரியுமா? நீ உத்தமன் என்று அடித்துச் சொல்வாள். வரிசைப் பொம்பளைகளிடம் போய் நீ சொல்லச் சொன்னதை நான் சொல்லவில்லை. உன் பெயரை ஒரு தடவை நாறடித்த வாய், இன்னொரு தடவை திறக்க மறுத்துவிட்டது.

நீ வந்தாய். பெயர் முதலில் வந்தது. நன்றாகத்தான் நடிக்கிறாய், பாவி, அந்த டாக்டரைவிட நன்றாக. க்லாரா கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் குழந்தை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாள்:

"இதுவும் பழசுதான, ஒத்திலியா? இதுவும் அக்டோபர்ல எடுத்ததுதான?"

‘ஆமா’ என்று சொன்னால் போதும். அவள் நம்பிவிடுவாள், ஊரும் நம்பிவிடும். அலோய்சி தலையைக் குனிந்துகொண்டான், என் விருப்பத்துக்கு விட்டுவிட்டான் என்று தெரிந்தது. அப்போது கேமரா உன் முகத்துக்குக் கிட்ட வந்தது.

"இல்ல க்லாரா. இது புதுசு. புருவத்தப் பாரு, அந்தத் தையல் நான் போட்டது" என்றேன்.

அவள் கேக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டாள். அலோய்சி எழுந்து பெட்டியை மூடினான்.

வரும் நவம்பர் ஒன்றாம் தேதி அம்மா கல்லறைக்கு நாங்கள் காலையில் போய்விட்டு வந்துவிடுவோம். நீ மத்தியானத்துக்கு மேல் வா. வேலிக்கம்பியை இன்னும் யாரும் வளைத்துவிடவில்லை, அப்படியேதான் நீட்டிக்கொண்டிருக்கிறது. பார்த்துக் குனி.

ஒத்தில்கா